பழைய தங்க வாட்ச்: டயலில் உள்ள பெயரைக் கடைசியாகப் படியுங்கள்

பீரோவில் பல காலம் கிடந்து வெளியே வந்த தங்கக் கைக்கடிகாரங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: தாத்தா கட்டியிருந்த வாட்ச் இது. பின்பக்கம் வெளியே எந்த எழுத்தும் இல்லை. நிறம் மட்டும் மங்காமல் இருக்கிறது. அசல் தங்கம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே எழுத்து இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். தங்கக் கேஸின் (மெஷினை மூடியிருக்கும் கூடு) முத்திரைகள் பெரும்பாலும் பின்மூடியின் உட்புறத்தில்தான் இருக்கும். சில கேஸ்களில் பட்டை மாட்டும் காதுகளின் மேலோ அடியிலோ கடுகளவில் ஒன்று குத்தியிருப்பார்கள். ஆகவே மூடியைத் திறந்தாக வேண்டும். கத்தியை வைத்து நெம்பாதீர்கள். 18 கேரட் தங்கம் மெத்தென்றது. கத்தி வழுக்கினால் விழும் கீறல் ஆழமாக விழும், உள்ளே போனால் பேலன்ஸ் வீலின் (இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) அச்சு முறியும். வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லி, மூடியின் உட்புறத்தையும், வாட்சை ஓட்டும் மெஷினையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை பேரிடம் கேட்டாலும் அந்த இரண்டு படங்கள் போதும்.

10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் முத்திரைகளைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் செய்த கேஸ் என்றால் எண்ணோடு ஓர் உருவமும் இருக்க வேண்டும். 18 கேரட்டுக்கு 0.750 என்ற எண்ணும் ஹெல்வீஷியா எனப்படும் பெண்ணின் பக்கவாட்டு முகமும். 14 கேரட்டுக்கு 0.585 (பழைய கேஸ்களில் 0.583) என்ற எண்ணும் ஓர் அணிலும். 1880-களில் வந்த இந்த ஏற்பாடு 1995 வரை நீடித்தது. அந்த ஆண்டு முதல் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 1950-ஆம் ஆண்டு வாட்ச் என்று சொல்லிக் காட்டுவதில் நாய்த்தலை இருந்தால், மெஷின் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அந்த முத்திரை 1995-க்குப் பிறகு விழுந்ததுதான்.

பிரிட்டனில் செய்த கேஸில் 9 கேரட்டுக்கு 375 என்ற எண், சோதனை செய்த ஊரின் சின்னம் (பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தை முகம்), ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை வரிசையாக இருக்கும். அந்த எழுத்து பெரிய வரம். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் கேஸ் எந்த ஆண்டில் சோதனைக்குப் போனது என்பதே கிடைத்துவிடும். பிரான்சில் உள்நாட்டுத் தங்கத்துக்குக் கழுகுத்தலை, இறக்குமதியானதற்கு ஆந்தை. அமெரிக்கக் கேஸ்களில் அரசு முத்திரை கிடையாது; கம்பெனியின் பெயரும் '14 கேரட்' என்பது மட்டுமே இருக்கும். உருவம் இல்லையே என்று அதைப் போலி என ஒதுக்கிவிடாதீர்கள்.

முத்திரையைப் பார்த்த பிறகு தேய்மானத்தைப் பாருங்கள். சட்டைக் கை உரசும் இடங்களான காதுகளின் நுனி, பின்மூடியின் விளிம்பு, சாவி கொடுக்கும் குமிழுக்குப் பக்கத்து மூலை ஆகிய மூன்றும் முதலில் தேயும். கெட்டித் தங்கம் எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான். முலாம் என்றால் அங்கே பித்தளை மஞ்சளோ வெள்ளிச் சாம்பல் நிறமோ எட்டிப் பார்க்கும். காதுகளின் இடுக்கில் பச்சைக் களிம்பும் பிடித்திருக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

கேள்வி: மூடிக்குள் '14 கேரட், 20 ஆண்டு உத்தரவாதம்' என்று தெளிவாகக் குத்தியிருக்கிறது. நகைக்கடையில் இது தங்கமே இல்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?

நகைக்கடைக்காரர் சொல்வது ஏறக்குறையச் சரி. கெட்டித் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக்கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை. மேலே போர்த்திய தங்கத் தகடு தேய்ந்து உள் உலோகம் தெரிய 20 ஆண்டு ஆகும் என்பதே அந்த வாசகத்தின் பொருள். நம் வழக்கில் ரோல்டு கோல்டு என்று சொல்லும் வகை. 14 கேரட் என்பது மேல் தகட்டின் தரம். அமெரிக்காவில் 1924-இல் இப்படி ஆண்டு குறிப்பிடுவதைத் தடை செய்தார்கள். எனவே அமெரிக்கக் கேஸ் என்றால் உங்கள் வாட்ச் அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்தவற்றில் '1/20' என்றும் 14 கேரட் என்றும் சேர்த்துக் குத்தியிருக்கும். மொத்த உலோக எடையில் இருபதில் ஒரு பங்கு 14 கேரட் தங்கம் என்று அர்த்தம். 20 கிராம் கேஸில் 1 கிராம் 14 கேரட். அதில் சொக்கத் தங்கம் 0.585 கிராம். '20 மைக்ரான்', '40 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாமின் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பின்மூடி ஸ்டீல் என்று எழுதியிருந்தால் மேல்பாகமும் முலாமாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். இவை நல்ல வாட்சுகளாக இருக்கலாம், ஆனால் தங்கத்துக்கென்று விலை கேட்க முடியாது.

கேள்வி: ஒரு கடையில் தங்கம் சோதிக்கும் மெஷினில் வைத்து 75 சதவீதம் தங்கம் என்றார்கள். இன்னொருவர் முலாம் என்கிறார். மெஷின் பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது, மேல்தோலை மட்டும் பார்த்துச் சொல்லும். எக்ஸ்ரே கதிர் வைத்துச் சோதிக்கும் கருவி தங்கத்தில் சில மைக்ரான் ஆழம் வரைதான் படிக்கும். 40 மைக்ரான் முலாமின் மேல் வைத்தால் அது முழுக்க முழுக்கத் தங்கத்தையே பார்க்கிறது. அதனால் தேய்ந்த நுனியிலும் மூடியின் உள்விளிம்பிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே எண் வந்தால் நம்பலாம். உரைகல்லும் அப்படித்தான்: வெளிப்பக்கம் உரைத்தால் தழும்பு விழும், விடையும் அரைகுறையாக இருக்கும். உரைக்கத்தான் வேண்டும் என்றால் மூடியின் உள்விளிம்பில் மட்டும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் அடர்த்தியை அளந்து பாருங்கள். மெஷின், கண்ணாடி, ரப்பர் வளையம், பட்டை ஊசிகள் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் கேஸ்தான் வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் காய்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்ஜியமாக்கி, மெல்லிய நூலில் கேஸைக் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தராசு இப்போது காட்டும் எண்ணால் காய்ந்த எடையை வகுங்கள். 15.40 கிராம் கேஸுக்குத் தண்ணீரில் 0.99 என்று காட்டினால் விடை 15.56. மஞ்சள் நிற 18 கேரட் 15-க்கு மேல், 16-க்குள் வரும். 14 கேரட் 13-ஐ ஒட்டி, 9 கேரட் 11-ஐ ஒட்டி. பித்தளை 8.5 அளவில் நின்றுவிடும், ஸ்டீல் 8-ஐத் தாண்டாது.

தவறு நேர்வது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். காதுகளின் துளையிலும் மூடியின் பள்ளத்திலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு குமிழி, விடையை ஒன்றிரண்டு புள்ளி இறக்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது. மூன்று முறை அளந்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

கேள்வி: மெஷினில் 'ஒமேகா' என்ற பெயரும் 103-இல் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கின்றன. இது 1920-களில் வாங்கியது என்று மாமா அடித்துச் சொல்கிறார். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமாவின் கணக்கு இருபது ஆண்டு முந்திவிட்டது. ஒமேகாவின் மெஷின் எண்கள் 1 கோடியைத் தொட்டது 1944 வாக்கில். 1 கோடியே 10 லட்சத்தைத் தொட்டது 1947 வாக்கில். உங்கள் எண் 1 கோடியே 3 லட்சத்தைச் சேர்ந்தது. ஆகவே 1940-களின் நடுப்பகுதி. இது மெஷின் செய்த காலம். மெஷின் கேஸுக்குள் ஏறி, கடைக்குப் போய், விற்பனையாக இரண்டு மூன்று ஆண்டு ஆவது சாதாரணம்.

எந்த எண்ணைப் படிக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூடிக்குள் இருப்பது கேஸ் எண்ணாகவோ மாடல் எண்ணாகவோ இருக்கும். அதை மெஷின் எண் அட்டவணையில் தேடினால் எந்த ஆண்டு வேண்டுமானாலும் வரும். சிலுவைக் குறியோடும் 'ப்ரவே' என்ற பிரெஞ்சுச் சொல்லோடும் இருப்பது காப்புரிமை எண். அது ஆயிரக்கணக்கான வாட்சுகளில் ஒன்றாகவே இருக்கும். ரோலெக்ஸில் தேட வேண்டிய எண் கேஸில், 6 மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவே, பட்டையைக் கழற்றினால் தெரியும் இடத்தில் இருக்கிறது.

ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டாமல், மற்ற பாகங்களும் அதே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பேலன்ஸ் வீலின் நடுவில் இருக்கும் சிவப்புக் கல்லை லென்ஸில் பாருங்கள். அதன் மேல் யாழ் வடிவில் ஒரு பொடி ஸ்பிரிங் படுத்திருந்தால் அது இன்காப்ளாக் என்னும் அதிர்ச்சி தாங்கி. 1930-களில்தான் வந்தது. 1915-ஆம் ஆண்டு வாட்ச் என்று ஒருவர் நீட்டுவதில் அந்த யாழ் இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுடையது ஒமேகாவின் 30டி2 மெஷினா என்றும் பாருங்கள். 1939-இல் வந்தது, குறுக்களவு 30 மில்லிமீட்டர், பெயரிலேயே அந்த 30 இருக்கிறது. அந்த எண்ணும் இந்த மெஷினும் காலத்தில் பொருந்தும்.

டயலும் காலம் சொல்லும். அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதன் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்னும் கதிர்வீசும் பொருள் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1990-களின் கடைசி வரை அது வழக்கம். இருபுறமும் கிரேக்க 'சிக்மா' எழுத்து இருந்தால் 1970-களின் டயல், மணிக்குறிகள் தங்கம். டிரிட்டியத்துக்கு முந்தைய ஒளிரும் பூச்சு ரேடியம். ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. இருட்டில் ஒளிராமல் போனதற்குக் காரணம் கூடக் கலந்த துத்தநாகப் பொருள் கெட்டுப்போனதே. கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். உதிர்ந்த பொடி மூச்சில் போகக் கூடாது.

மூடியின் வெளியே பரிசு வாசகமும் தேதியும் செதுக்கியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். வாட்ச் அந்தத் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை, மூடியை மாற்றாதவரை. லான்ஜீன், பட்டேக் ஃபிலிப் போன்ற கம்பெனிகள் பழைய பதிவேடுகளைக் காத்துவைத்திருக்கின்றன. எண்களையும் படங்களையும் அனுப்பினால் எந்த ஆண்டு, எப்படிப்பட்ட வாட்சாக அது வெளியேறியது என்று எழுதித் தருவார்கள். இன்று கையில் இருக்கும் டயலும் முள்ளும் அன்றையவைதானா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

கேள்வி: டயல் பழுப்பேறிப் புள்ளி விழுந்திருக்கிறது. புதிதாக எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கேஸில் விழுந்த அடியைப் பொறுக்கும் சேகரிப்பாளர்கள்கூட மறு எழுத்து டயலைப் பொறுப்பதில்லை. ஒரே மாடலில் கறை படிந்த அசல் டயல் உள்ளது, பளபளக்கும் மறு எழுத்து டயல் உள்ளதைவிட அதிக விலைக்குப் போவது சகஜம். தண்ணீர், பஞ்சு, எண்ணெய் எதுவும் டயலைத் தொடக் கூடாது. கறுப்பு எழுத்து பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வாங்கும்போதும் இதையே பாருங்கள். அசல் டயலில் எழுத்தின் ஓரம் லென்ஸிலும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மை சற்றே மேடாக நிற்கும். மறுபடி எழுதியதில் கோடுகள் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும், மூடிய எழுத்துகளின் வயிற்றுக்குள் மை அடைத்திருக்கும். நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வாருங்கள். நீளம் கூடிக் குறைந்தாலோ, விநாடி வட்டத்துக்குள் ஒரு கோடு நுழைந்தாலோ, அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல் விடுபட்டாலோ சந்தேகப்படுங்கள். டயலைக் கழற்ற வாய்ப்புக் கிடைத்தால் ஓரத்தில் அரத்தால் வெட்டிய சிறு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதும்போது நிலைநிறுத்த, மறு எழுத்துக்காரர்கள் வைக்கும் அடையாளம் அது. முள்ளும் பேசும்: நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். எட்டாமல் நின்றால் வேறு வாட்சிலிருந்து வந்த முள்.

கேள்வி: 18 கேரட் என்று முத்திரையிட்ட பெரிய ஸ்டாப்வாட்ச் வகைக் கைக்கடிகாரம் விலைக்கு வருகிறது. 38 மில்லிமீட்டர் இருந்தும் கையில் எடுத்தால் கனமே இல்லை. போலியா?

முத்திரை உண்மையாகவே இருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்விட்சர்லாந்தில் இந்த வகை ஏராளமாகச் செய்தார்கள். டயலில் 'க்ரோனோகிராஃப் ஸ்விஸ்' என்ற பொதுப்பெயர் இருக்கும், உள்ளே பெரும்பாலும் லாண்டெரான் கம்பெனியின் 48 என்ற மாடல் அல்லது அதன் உறவான மெஷின். கேஸ் 18 கேரட்டேதான், ஆனால் காகிதம்போல் மெல்லிய தகட்டை உருட்டி உள்ளே கூடாக விட்டது. மெஷினைத் தாங்க உட்புறம் வேறு உலோக வளையம். பின்மூடியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாலே அமுங்குவது தெரியும். காதுகளை விளிம்புப் பக்கத்திலிருந்து பாருங்கள். நசுங்கல், ஊசித் துளையைச் சுற்றிக் கிழிசல், பற்றவைத்த தடம் ஆகியவை இருந்தால் சரிசெய்வது கடினம்.

மொத்த எடையைச் சொல்லி விலை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வளையத்தையும் மெஷினையும் எடுத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இதைவிடத் தொந்தரவானது ஒட்டுப்போட்ட வாட்ச்: நல்ல தங்கக் கேஸ், வேறெங்கோ கழற்றிய மெஷின். மெஷினைச் சுற்றிப் பொருந்தாத இடைவெளியை அடைக்கும் வளையம், டயலை மெஷினோடு இணைக்கும் கால்களை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டியிருப்பது, குமிழின் தண்டு கேஸின் துளைக்கு நடுவில் வராமல் ஒருபக்கம் உரசுவது, மெஷினைப் பிடிக்கும் திருகுகளின் பழைய தடம் இப்போதைய இடத்தோடு பொருந்தாமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தற்செயலாக இருக்கலாம். இரண்டு சேர்ந்தால் ஒட்டுத்தான். ஆனால் கேஸில் ஒரு நாட்டு முத்திரையும் மெஷினில் இன்னொரு நாட்டுப் பெயரும் இருப்பது ஒட்டு ஆகாது. வரியைக் குறைக்க மெஷினை மட்டும் இறக்குமதி செய்து உள்ளூர்க் கேஸில் போடுவது அன்று முறையான வியாபாரம்.

கேள்வி: அப்பாவின் தங்க வாட்சை நாங்கள் மூன்று பேர் பங்கிட வேண்டும். ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். எந்த விலையை எடுத்துக்கொள்வது?

ஒரே வாட்சுக்கு மூன்று விலை உண்டு. உங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்றையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

முதலாவது உருக்கு விலை. மெஷினும் கண்ணாடியும் கழற்றிய கேஸ் 14.2 கிராம், முத்திரை 750 என்றால், 14.2-ஐ 0.75-ஆல் பெருக்க 10.65 கிராம் சொக்கத் தங்கம். அன்றைய விலையால் பெருக்கி, உருக்குபவர் கழிக்கும் சேதாரத்தை எடுத்தால் வருவது அடிமட்டம். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். தங்கச் சங்கிலிப் பட்டை இருந்தால் அதைத் தனியாகச் சோதித்து, தனியாக நிறுத்துங்கள். கேஸ் 18, பட்டை 14 அல்லது 9 என்று இருப்பது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது விற்பனை விலை. அதே மாடல் எண், அதே உலோகம், அதே டயல் நிலையில் உண்மையில் விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடுங்கள். கேட்கும் விலை எதற்கும் ஆதாரமாகாது. ஏல முடிவுகளில் வாங்குபவர் கட்டும் கூடுதல் கமிஷனும் சேர்ந்திருக்கும். விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. மூன்றாவது காப்பீட்டு மதிப்பு. அதே மாதிரி ஒன்றைக் கடையில் உடனே வாங்க ஆகும் செலவு என்பதால் மூன்றிலும் அதுவே உயர்ந்தது. பங்கு பிரிக்க இரண்டாவதுதான் நியாயம்.

விற்பனை விலையைத் தூக்குபவை அசல் டயல், கம்பெனி முத்திரையுள்ள குமிழ், கூர்மை மாறாத காதுகள், பெட்டியும் ரசீதும். வீழ்த்துவது மெருகு. காதுகளின் விளிம்பு சோப்புக் கட்டிபோல் உருண்டு, முத்திரையின் வரிகள் மழுங்கியிருந்தால் பல முறை மெருகு போட்டாகிவிட்டது; போன தங்கம் திரும்பாது. பின்மூடியை ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் நேர்கோடாக ஓடாமல் நடுவில் நெளிந்தால், அங்கிருந்த பெயரை அரைத்து எடுத்திருக்கிறார்கள். பெண்கள் கட்டிய பொடி அளவுத் தங்க வாட்சுகள், பெரிய கம்பெனி தவிர, பெரும்பாலும் உருக்கு விலையை ஒட்டியே போகின்றன. அவ்வளவு சிறிய மெஷினைச் செய்த கைகளை நினைத்தால் வருத்தமான நிலவரம்தான்.

கேள்வி: அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது என்கிறார்கள். உண்மையா?

சாவி முழுக்க ஏறியும் ஓடவில்லை என்றால் எண்ணெய் காய்ந்து அழுக்கோடு பசையாகிவிட்டது என்று பொருள். மெயின் ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியிருப்பது தவறே இல்லை. இன்னும் திருகாதீர்கள், தட்டி எழுப்பாதீர்கள். முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடக் கொடுக்கும்போது, கேஸுக்கு மெருகு வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.